கணவரின் கழுத்தில் அண்ணனின் பதக்கம்

எறிகணை கூவிக்கொண்டு வருகிறது. "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" அண்ணன் கத்துகிறார். மணலில் முகத்தைப் புதைக்கிறேன். ஒரு வெடி. உடனே இன்னொன்று. பிறகு காதுக்குள் இரைச்சல் மட்டும். நான் தலை தூக்கினேன். அண்ணன் தூக்கவில்லை.

அண்ணன் போராளி இயக்கத்தில் இருந்தவர். எறிகணை விழுகிற செல்லடிக்குள் திரும்பிப் போய், காயப்பட்டவர்களைத் தோளில் சுமந்து வந்தவர். அதற்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். கொடுத்த அன்று ஊரே வீட்டுக்கு வந்து சோடா குடித்தது. செத்த அன்று குழி வெட்ட ஆளில்லை. என் கணவர்தான் கையால் மணலைத் தோண்டினார். அவர் கடல் தொழிலாளி. சுடுகிற துவக்கைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை.

அண்ணனின் சட்டைப் பையில் இருந்த பதக்கத்தைப் புதைக்க அம்மாவுக்கு மனமில்லை. நாங்கள் மன்னார் வேதக்காரர். ஆபத்தென்றால், புனிதர் உருவம் பொறித்த, மந்திரித்த சுரூபத்தைக் கழுத்தில் கட்டுவோம். அம்மா அந்தோனியார் சுரூபத்தோடு பதக்கத்தையும் ஒரே கயிற்றில் கோத்தார். என் கணவரின் கழுத்தில் கட்டினார்.

"அவன் உங்களைப் பாத்துக்கொள்ளுவான், தம்பி."

சோதனைச் சாவடி. வெயில். இடுப்பில் மகள். ஆமிக்காரன் கணவரின் கழுத்துக் கயிற்றை விரலால் இழுக்கிறான். சுரூபத்தை விடுகிறான். பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"அது என்ர மகன்ர! அவன் செத்திட்டான்!" அம்மா கத்துகிறார்.

தமிழ் தெரிந்த இன்னொரு ஆமிக்காரன் கேட்டான். "செத்தவன்ரையை இவன் ஏன் போட்டிருக்கிறான்?"

கணவரை மட்டும் பஸ்ஸில் ஏற்றினார்கள். "பிள்ளைக்குத் தண்ணி குடு. வாறன்" என்றார் கணவர். பஸ்ஸின் தகரக் கதவு இரண்டு தரம் அடித்துச் சாத்திக்கொண்டது.

இப்போது இத்தாலியில், பலேர்மோவில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஒரு எசமானி வீட்டில் வேலை. அவருடைய தகப்பனும் போரில் பதக்கம் வாங்கியவர். அது கூடத்துச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. விருந்தாளிகள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். தூசி துடைப்பது நான். உங்கள் வீட்டிலும் போர்வீரர் இருந்தார்களா என்று சிஞ்ஞோரா கேட்டார். இல்லை என்றேன்.

யார் கேட்டாலும் கணக்குச் சொல்கிறேன். வீடு போனது. வள்ளம் போனது. அண்ணன் செத்தார். அம்மா முகாமில், அந்தக் கயிற்றைக் கட்டிவிட்ட தன் கைகளையே பார்த்தபடி கிடந்து செத்தார். செத்தவர்கள் இரண்டு பேர் என்று நிறுத்துவேன். அதற்கு மேல் வாய் வராது.

மகள் இங்கே வளர்ந்தவள். தகப்பனின் முகம் அவளுக்கு நினைவில்லை.

"மூண்டு பேர், மம்மா" என்கிறாள்.