பரோட்டா மாஸ்டர் சுட்ட தோசை

“குளிக்காம எங்க ஊட்டுக்காரரு புள்ளையத் தூக்க மாட்டாருக்கா.”

மேல்சித்தாமூர் பஸ் செஞ்சியை விட்டுக் கிளம்பியதும் எனக்கு முன் சீட்டில் கேட்டது இது. சொன்னவள் மடியில் ஐந்து வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

“அவ்ளோ அழுக்கான வேலையா?”

“பரோட்டா மாஸ்டருக்கா. ஒடம்பெல்லாம் மைதா. இவளுக்கு சீலியாக்குன்னு போன மாசம்தான் டாக்டர் சொன்னாரு. கோதுமை, மைதா துளி வாய்க்குள்ள போனாலும் கொடலு புண்ணாயிடுமாம்.”

“அடப் பாவமே. அப்ப இன்னா சாப்பிடுறா?”

“சோறு, இட்லிதான். ஆனா நைனா போடுற பரோட்டா வேணும்னு ஒரே அழுவை. நேத்து லீவு போட்டுட்டு அவரே தோசை சுட்டாரு. நாலு தோசைய அடுக்கி, கடை ஞாபகத்துல ரெண்டு கையாலயும் படபடன்னு தட்டிட்டாருக்கா. எல்லாம் பிஞ்சி போச்சி.”

“ஐயோ!”

“மனுசன் தலையில கைய வெச்சிக்கினு உக்காந்துட்டாரு. இவ ஓடியாந்து தட்டைப் பாத்துட்டு, ‘நைனா, எனக்கும் பரோட்டாவா?’ன்னா. மிச்சம் வெக்காம தின்னா.”

உறங்கும் மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

“இன்னிக்குக் காலைல நான் முழுசா சுட்டுக் குடுத்தேன். அப்பன்கிட்ட எடுத்துக்கினு போயி, ‘தட்டிக் குடு நைனா’ன்றா.”