கோட்டை மேல் மின்னல்

எங்கள் படிப்பைச் சொன்னாலே சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், ஐயா. "கேம் ஆடுறதுக்கும் காலேஜா? எங்க பையன் அதைச் சும்மாவே பண்றானே" என்பார் சித்தப்பா. ஆடுவது வேறு, ஆக்குவது வேறு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ். அதில் கேம் உருவாக்குவது சிறப்புப் பாடம்.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நானும் என் வகுப்பில் படித்த அவளும் ஜோடி. புரோகிராம் அவள் பொறுப்பு, காட்சிகள் என் பொறுப்பு. ஒரு மலைக்கோட்டை, அதன்மேல் ஓயாத புயல். அந்த மின்னலுக்காக நான் சோறு தண்ணீர் பார்க்கவில்லை. அவளோ அதை மங்கலாக்க ஒரு தடுப்பு எழுதிச் சேர்த்தாள். வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு வரும். தன்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் ஆடுவார்கள் என்றாள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. என் புயல்தான் உப்புச்சப்பில்லாமல் போனது.

பேராசிரியர் அதை வகுப்பில் போட்டுப் பார்த்தார். "என்னப்பா, பழுதான டியூப்லைட் மாதிரி இருக்கு?" என்றார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். தடுப்பு தன்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே வந்தபிறகு, "விடுடா, மார்க் போனா போகுது. யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல" என்றாள். மானம் போனது எனக்கு, பெருந்தன்மை அவளுக்கு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செய்தவன் தன் பகுதியைத் தானே சோதிக்கக் கூடாது. ஜோடியில் மற்றவர் ஆட வேண்டும், செய்தவன் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். ஆடுபவர் திக்குத் தெரியாமல் விழித்தாலும் உதவக் கூடாது. காசு கொடுத்து வாங்கி ஆடுகிறவன் வீட்டில் நாம் போய் உட்காரவா முடியும்?

அன்று லேபில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"டேய், தடுப்பு இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டினாள்.

"நீ எழுதினதுல நான் கை வைப்பேனா?" என்றேன். காலையிலேயே அதை எடுத்துவிட்டிருந்தேன்.

கோட்டை வாசலில் புயல் தொடங்கியது. முதன்முறையாக என் மின்னல் நான் நினைத்தபடி அடித்தது. அவள் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவியது. "நிறுத்துடா" என்றாள், நாக்குக் குழறியது. நாற்காலியில் அப்படியே விறைத்தாள், பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரம்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் மூச்சு நிற்கும்வரை நான் வாயும் திறக்கவில்லை, கையும் நீட்டவில்லை.

விபத்து என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். மாட்டேன். கை தவறி வந்ததா அது? பார்த்துப் பார்த்துச் செய்தது. அவளைக் கொன்றது நான்தான். அதற்காக யார் முன்னாலும் தலை குனிய மாட்டேன்.

இவ்வளவு கேட்டீர்கள், மின்னல் எப்படி இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்க வேண்டும். கடைசிவரை கண்ணை மூடவே இல்லை, ஐயா. பிடிக்காமலா அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்?