இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒரே பாட்டனார்

இவ்விருந்தைக் கட்டி மேய்க்கும் தலைவர் அவர்களே! நாரின் நகரத்து நரைதாடிப் பெரியோர்களே! அடுப்பின் அனலையும் ஆனந்தத்தையும் முகத்தில் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

மாப்பிள்ளை உலானின் தாய்மாமன் குபாத் பேசுகிறேன். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். எப்படி விடுவேன்? புளித்த குதிரைப்பால் குமிஸ் இன்னும் தீரவில்லையே!

ஏழு தலைமுறைக்குள் இரு வீட்டுக்கும் பாட்டன் ஒருவரென்றால் நாம் பெண் எடுப்போமா? எடுக்கவே மாட்டோம்! அந்த வழக்கம்தான் சென்ற வசந்தத்தில் எங்களை ஆட்டி வைத்தது.

மாப்பிள்ளையின் தந்தை, என் மச்சான் தொக்தோசுன், வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் தம் பாட்டனார் படத்தை மாட்டியிருக்கிறார். வெள்ளைத் தாடி, ரோமத் தொப்பி, விரட்டும் விழி! அவருக்காகக் கையேந்திப் பிரார்த்தித்த பிறகுதான் மச்சானுக்குக் காலைத் தேநீர்.

தோடு போட்டு நிச்சயம் செய்யப் பெண் வீட்டுக்குப் போனோம். எதிர்ச்சுவரில் யார்? அதே தாடி! அதே தொப்பி! அதே விழி! மச்சான் சட்டெனக் கையேந்தினார். விருந்தாளி கையேந்தும்போது வீட்டுக்காரர் சும்மா நிற்கலாமா? சம்பந்தியும் ஏந்தினார். தொலைந்தது!

மச்சான் தோட்டுப் பெட்டியை மூடிவிட்டார். "ஒரே பாட்டன். நாம பங்காளிங்க. கல்யாணம் நடக்காது."

உலான் முகத்தில் ரத்தமில்லை. மணப்பெண் மீரிம்தான் வாய் திறந்தாள். "மாமா, அவரு யாரோட பாட்டனும் இல்ல. எந்தக் காலத்துலயோ வெளிநாட்டுல வரைஞ்ச படம். அதைப் பாத்து அக்ரிலிக் பெயின்ட்ல வரைஞ்சு சந்தையில விக்கிறேன், ஒண்ணை இங்க மாட்டினேன்."

"எங்க பாட்டன் சந்தைச் சரக்கா?" என்று மச்சான் எழுந்தேவிட்டார்.

அவர் மனைவி, என் அக்கா புருல்சா, இந்த ஊரையே அதட்டுகிறவள். அன்று அவள் குரல் நடுங்கியது. "உக்காருங்க. பாட்டனுக்கு ஒரு போட்டோகூட இல்லைன்னு ஏங்குனீங்க. எனக்கு மனசு கேக்கல. சந்தையில வாங்கிட்டு, பழைய பெட்டியில கிடைச்சதுன்னு சொன்னேன்."

ஒரே நொடியில் பாட்டனைப் பறிகொடுத்த மனிதர்! சீறுவாரா? சினந்து கிளம்புவாரா? சிரிக்காதீர்கள் தாய்மார்களே! படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு மீரிமிடம் திரும்பினார்.

"எங்க பாட்டனுக்கு முகம் குடுத்தவ நீதானாம்மா?"

பெட்டி திறந்தது! தோட்டை எடுத்து, மீரிமுக்குப் போட்டுவிடச் சொல்லி அக்கா கையில் அவரே கொடுத்தார்.

இன்று காலையும் அதே படத்தின் முன் கையேந்தி நின்றார். யாருக்காக என்று சீண்டினேன். "இத்தனை வருஷம் நம்ம வீட்டுல இருந்தவருடா, எப்படி வெளியாளாவாரு?" என்றார்.

மீரிம்! ஊரும் பேரும் தெரியாத கிழவரையே உறவாக்கிக்கொண்ட வீடம்மா இது, உன்னை விட்டுவிடுமா?

கைதட்டிய அனைவருக்கும் என் சார்பிலும், சுவரிலிருந்து முறைத்துக்கொண்டிருக்கும் பாட்டனார் சார்பிலும் நன்றி! வணக்கம்!