கிருஷ்ணப்ரியாவின் சுக்கு வெந்நீர்

சுக்கு வெந்நீரை ஊற்றுமுன் ஃபிளாஸ்க்கைக் கொதிநீரால் ஒருமுறை அலச வேண்டும். இல்லாவிட்டால் கச்சேரி தொடங்குவதற்குள் ஆறிப்போகும். என் தங்கைக்கு ஆறு வருடம் நான்தான் செய்து கொடுத்தேன். வேறு யார் கொடுத்தாலும் குடிக்க மாட்டாள்.

வாக்குமூலத்தை மராத்தியில் இல்லாமல் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்றீர்கள். நல்லது.

1995-ல் கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பேண்டைத் தொடங்கினோம். நான் டிரம்ஸ், நண்பன் இருதயராஜ் கிதார், தங்கை கிருஷ்ணப்ரியா பாட்டு. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் அப்பாவின் ரயில்வே கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டோம். கல்லூரி விழாக்கள், பிறகு கேசட், பிறகு டிவி. 2001-ல் ஹடப்சர் பஸ்ஸின் பின்புற விளம்பரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

அந்த வருடமே அவள் குரல் கம்மியது. ஆறு மாதம் பாடக் கூடாது, மீறினால் பேச்சே போய்விடலாம் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். சாதாரணச் சளிதான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு ஊர்க் கச்சேரிகளுக்குக் கையெழுத்துப் போட்டாகியிருந்தது. அவளால் விலக முடியாது, என்னாலும் முடியாது. பாடகி இல்லாத பேண்டில் டிரம்ஸ்காரனை யார் சீண்டுவார்கள்?

வீக்கத்தை அமுக்கும் மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்கினேன். மாத்திரை என்றாலே அவளுக்கு ஆகாது. தொண்டை என்றால் எங்கள் வீட்டில் சுக்குதான். அதனால் பொடித்து அதில் கலந்தேன். காரத்தில் கசப்பு தெரியாது.

குரல் கணீரென்று வந்தது. "பாத்தியாண்ணா, சுக்குன்னா சுக்குதான்" என்று சிரித்தாள்.

இருபத்தொன்பதாவது ஊரில் சிரிக்கவில்லை. "உள்ள என்னமோ கிழியறதுண்ணா. இன்னிக்கி வேண்டாமே."

"பஸ் கர் யார், போதும்டா. பாவம்டா அவ, விட்டுடு" என்றான் இருதயராஜ்.

வெளியே ஜனங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அன்று இரண்டு மடங்கு கலந்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கில் ரத்தம் இருந்தது. அதன்பின் அவளுக்குப் பாட்டு மட்டுமல்ல, பேச்சும் திரும்பவே இல்லை.

புகார் கொடுத்தவன் இருதயராஜ். கொடுக்கட்டும். நான் தங்கையிடம் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் சொன்னது, மாத்திரை, எல்லாவற்றையும் பிறகு ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.