மார்த்தாவுக்காக இருபத்திரண்டு நிமிடம்

மைக்கில் தேத்தண்ணீர் ஊற்றியது நான்தான், சேர். அதை முதலில் உங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மீனவர் சங்கத்து ரேடியோ அறையில் இருப்பது ஒரேயொரு மேசை. ரேடியோவையும் என் போனையும் கோப்பையையும் அதில்தான் வைத்திருந்தேன். போனில் படம் ஓடியது. சிரித்துக் கையை வீசியதில் கோப்பை கவிழ்ந்தது. சீனி கூடப் போட்ட தேத்தண்ணீர். மைக்கின் பொத்தான் அழுந்தியபடி ஒட்டிக்கொண்டது. கரையில் பொத்தான் அழுந்திக் கிடந்தால் கடலிலிருந்து ஒருவர் குரலும் வராது. கரையில் கேட்கிற சத்தம்தான் எல்லாப் போட்டிலும் கேட்கும். எங்கள் சல்லி ஊரின் பதினாறு போட்டும் அன்று அரைமணி நேரம் என் சிரிப்பைக் கேட்டபடி மீன் பிடித்தன. திரும்பி வந்து அவர்கள் ஏசிய ஏச்சை எழுத வேண்டாம், நீங்களும் பிள்ளைகுட்டிக்காரர்.

கடலில் காலை வைத்ததும் வயிறு பிரட்டிச் சத்தி எடுக்கிற மீனவன் நான். அதனால்தான் எனக்குக் கரையில் கதிரை போட்டுத் தந்தார்கள். போட்டுகள் பேசாத நேரம் மெத்த நீளம். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் எங்கள் சங்கத்துப் போட்காரன் கிருஷாந்த் அந்தத் தொடரை எனக்குத் தந்தான். ஒன்பது சீசன், தமிழ்க் குரலோடு.

“முதலாவது சீசனை விட்டுப்போட்டு ரெண்டாவதில துவங்கு மச்சான். முதலாவது சரியான இழுவை” என்றான்.

நான் முதலிலிருந்தே துவங்கினேன். ஒரு தீவில் மூன்று சகோதரர்கள் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். ஒவ்வொரு எபிசோடிலும் ஒருவர் சாவார். பிரேதத்தை அலுமாரிக்குள் ஒளிப்பார்கள். சக்கரக் கதிரையில் வைத்துக் குடை பிடித்து உலாத்தப் போவார்கள். எனக்கு அருவருத்தது. செத்தவர்களைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறது என்று இரண்டு தரம் நிறுத்தினேன். ஐந்தாவது எபிசோடில் சிரிப்பு வந்தது. புதிதாகத் துவங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: ஐந்து வரைக்கும் பொறுங்கள், பிறகு பழகிவிடும்.

அந்த இல்லத்துக் குசினியில் மார்த்தா என்றொரு சமையல்காரி. செத்தவர்களுக்காக அழுகிற ஒரே ஆள். ஒவ்வொரு பிரேதத்துக்கும் ஒரு கிண்ணம் சூப் கொண்டுபோய் வைப்பாள். அவள் அழுதால் நானும் அழுவேன். இளகிய மனம், சேர். ஊரில் யாரையும் விசாரித்துப் பாருங்கள்.

தேத்தண்ணீர் கொட்டிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, டவுனில் போன் கடை வைத்திருக்கும் நிப்றாஸ் மைக்கைத் திருத்தித் தந்தான். பொத்தான் புதிதுபோல வேலை செய்தது. இதை நீங்கள் அவனிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

புதன்கிழமை கரையில் மீன் வகை பிரித்துக்கொண்டு நின்ற இருபது பேருக்கு முன்னால் கிருஷாந்த் கத்திச் சொன்னான்:

“மச்சான், எத்தினையாம் சீசன்?”

“ஏழு முடியப்போகுது. வாயைத் திறந்திடாதை.”

“உன்ர மார்த்தாதான்ரா எல்லாருக்கும் நஞ்சு வைக்கிறவள். அந்த சூப்பிலதான். ஒன்பதாம் சீசன்ல பிடிபடுவாள்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது கூடச் சிரிப்பதுதான் என் வழக்கம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. ஏழு சீசனாக ஒருத்தியை நம்பியிருக்கிறேன். அதை ஒரு நொடியில், கையில் சூடைமீனோடு நின்று, பறித்துவிட்டான்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்கால். ஏழாம் சீசனின் கடைசி எபிசோடைப் போட்டுவிட்டுக் குந்தியிருந்தேன். மார்த்தா அகப்பையைத் தூக்குகிறாள். அந்த நேரம் ரேடியோவில் கிருஷாந்த்.

“கரை, கரை. எஞ்சின் நிண்டுட்டு. பின்பக்கம் வெடிச்சுத் தண்ணி வருது. புறாமலைத் தீவுக்கு வெளியில நிக்கிறன். தனிய வந்தனான்.”

கச்சான் காற்றுக் காலம். அது தரையிலிருந்து கடலுக்கு வீசும். எஞ்சின் நின்ற போட்டைக் கரைக்கு விடாது. எந்தப் போட் எங்கே நிற்கிறது என்று என் கொப்பியில் எழுதியிருந்தது. வல்லிபுரம் அண்ணையின் போட் அவனுக்குப் பத்து நிமிடத் தூரம். எங்கள் ஒழுங்கின்படி, உதவி கேட்டால் முதலில் கரைதான் பதில் சொல்ல வேண்டும். யார் போவது என்று கரை சொல்லும்வரை மற்றவர்கள் குறுக்கே பேசவும் மாட்டார்கள், தங்கள் பாட்டில் போகவும் மாட்டார்கள்.

நான் மைக்கை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பொத்தானை அழுத்தினேன்.

மார்த்தாவைப் பற்றிக் கதைக்க அவன்தானே ஆசைப்பட்டான் என்று நினைத்தேன். கேட்கட்டும், மார்த்தா எப்படிப்பட்டவள் என்று அவனும் கேட்கட்டும். எபிசோட் இருபத்திரண்டு நிமிடம். பொத்தான் ஒட்டவில்லை, சேர். வலது பெருவிரல் நோவெடுத்தபோது இடதுக்கு மாற்றினேன். அழுந்தியது விடுபடாமல் பார்த்து, கவனமாகத்தான் மாற்றினேன். முடிவில் பெயர்கள் ஓடின, அதையும் ஓடவிட்டேன்.

பிறகு விரலை எடுத்துக் காது கொடுத்தேன். வெறும் இரைச்சல். கூப்பிட்டேன், பதில் இல்லை. அப்போதுதான் வல்லிபுரம் அண்ணையை அனுப்பினேன். என் குரல் நடுங்கியது என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது நடிப்பில்லை.

மூன்றாம் நாள் நிலாவெளியில் கரைவலை இழுத்தவர்களின் வலைமடியில் வந்தான். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவன் நான். பொத்தான் திரும்பவும் ஒட்டிவிட்டது, தேத்தண்ணீர்ப் பிசின், பாவம் இவன் என்ன செய்வான் என்று ஊரே சொன்னது. நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள்.

அன்றோடு தொடரைப் பார்ப்பதை விட்டேன். ஆனால் மார்த்தா மனதை அரித்தாள். நிப்றாஸிடம் கேட்டேன்.

“நான் போனில படம் ஏத்திக் குடுக்கிறது மட்டும்தான் அண்ணை. பாத்தால் கடை நடத்த ஏலாது” என்றான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் கிருஷாந்தின் மனைவி ஜெயரூபியிடம் போனேன். கதிரை தரவில்லை. வாசலை மறித்துக்கொண்டே நின்றாள்.

“என்ன விசயம்?”

“தங்கச்சி, ஒண்டு கேக்கவேணும். அந்தத் தொடரில மார்த்தா உண்மையாவே நஞ்சு வைக்கிறாளோ? கிருஷாந்த் கடைசி மட்டும் பாத்தவன்தானே.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவர் செத்து முப்பத்திரண்டு நாள். இதைக் கேக்கவோ வந்தனீங்கள்?”

“ஓம்.”

“அவர் ரெண்டாம் சீசனோட நிப்பாட்டினவர். உங்களைச் சீண்ட வாயில வந்ததைச் சொன்னவர். கடைசியில அவள் என்ன செய்யிறாள் எண்டு அவருக்கும் தெரியாது. நீங்கள் பாத்து முடிச்சு வந்து சொல்லுவியள் எண்டு இருந்தவர்.”