தரை கழுவுறது யாரு

அக்கா: தண்ணி வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசல்ல நிறுத்திட்டு வேடிக்கை பார்த்திருக்கேடா நீ.

தம்பி: வேடிக்கை பார்க்கலைக்கா...

அக்கா: குழாயைப் பிடிச்சிருந்த பையனை "மூடு, மூடு"ன்னு கத்தினே. தெருவே பார்த்துச்சு. உள்ளே எரியுது, இவர் தண்ணியை மூடச் சொல்றார். தீயணைப்பு ஆபீசராம்.

தம்பி: எரிஞ்சது விறகு இல்லைக்கா, மக்னீசியம். லேத்துல கடையறப்ப விழுற சீவல். அது எரியறப்ப தண்ணி பட்டா அணையாது. தண்ணியையே வாயுவாப் பிரிச்சு எரிச்சு வெடிக்கும்.

அக்கா: எனக்குப் பாடம் எடுக்காதே.

தம்பி: நீதானே கேட்டே.

அக்கா: கேட்கலை. திட்டுறேன்.

நர்ஸ்: இது கண் வார்டு. உள்ளே கட்டுப் போட்டுப் படுத்திருக்காங்க. சண்டை போடணும்னா கேன்டீன் பக்கம் போங்க.

அக்கா: சண்டை இல்லை சிஸ்டர். இவன் என் கூடப்பிறந்தவன்.

நர்ஸ்: அப்போ சண்டையேதான். மெதுவாப் போடுங்க.

தம்பி: மாமாவை உள்ளே போய்த் தூக்கிட்டு வந்தது யாரு? நான்தானே? வெளியே வந்ததும் என் ஆளுங்க முன்னாடியே கன்னத்துல விட்டே.

அக்கா: ஒண்ணோட நிறுத்தினது தப்பு.

தம்பி: இந்தக் காது இன்னும் சரியாக் கேட்கலை.

அக்கா: உனக்கு எந்தக் காது எப்ப கேட்டிருக்கு? சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அடுப்புப் பக்கம் வரவே பயப்படுவே. தீயணைப்புல சேர்ந்தேன்னு வந்து நின்னப்ப அப்பா சிரிச்ச சிரிப்பு...

தம்பி: டாக்டர் என்ன சொன்னார்?

அக்கா: வலது கண்ணுக்குப் பயமில்லையாம். இடது கண்ணைப் பத்திக் கட்டு அவிழ்க்கிற வரைக்கும் எதுவும் சொல்ல மாட்டாங்களாம். லேத்துல நிக்கிற என் வீட்டுக்காரருக்குக் கண்ணு போனா அப்புறம் என்னடா இருக்கு?

தம்பி: போகாதுக்கா.

அக்கா: நீ டாக்டரா?

தம்பி: கட்டு அவிழ்க்கட்டும்கா, பார்ப்போம்.

அக்கா: எனக்கு ஒண்ணு புரியலை. தீ முதல்ல சின்னதாத்தான் இருந்துச்சாம். சீவல் போட்டு வைக்கிற டிரம்ல லேசாப் பத்திக்கிட்டு இருந்துச்சாம். மாமா பதறாம சிவப்பு வாளியை எடுத்து மணலைக் கொட்டினாராம். கொட்டினதும்தான் வெடிச்சு முகத்துல அடிச்சுச்சாம். மணல் போட்டா அணையணும்தானே?

தம்பி: காய்ஞ்ச மணலா இருந்தா அணைஞ்சிருக்கும்.

அக்கா: இருந்தா?

தம்பி: மிச்ச வாளிகளைக் கொட்டிப் பார்த்தோம். மேல மட்டும் காய்ஞ்சிருக்கு. அடியில சொதசொதன்னு ஈரம். அதைக் கொட்டினதும் ஒண்ணுதான், தண்ணி ஊத்தினதும் ஒண்ணுதான்.

அக்கா: மணலை நனைச்சது யாரு?

தம்பி: விசாரிக்கிறோம்.

அக்கா: விசாரிக்கிறோம்னா?

தம்பி: விசாரிக்கிறோம்னா விசாரிக்கிறோம். விடேன்.

அக்கா: பட்டறையில கூட்டிப் பெருக்குற அம்மாவை நேத்துல இருந்து போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார வச்சிருக்காங்களாமே.

தம்பி: அது... முதலாளி கொடுத்த புகார்.

அக்கா: தரை கழுவுறப்ப அவங்க தண்ணி தெறிச்சு வாளிக்குள்ளே போயிடுச்சாம். வாளி மாட்டியிருக்கிறது அந்த அம்மா தலைக்கு மேல. தண்ணி ஏணி வச்சு ஏறிச்சா?

தம்பி: தினமும் கொஞ்சம் கொஞ்சமா...

அக்கா: வாயை மூடு. அந்த மூலையில தண்ணியே படக்கூடாதுன்னு மாமா அவங்களுக்குச் சொல்லி வச்சிருக்கார். காய்ஞ்ச துணியை வச்சுத்தான் துடைப்பாங்க. மதியச் சாப்பாடு கொண்டுபோறவ நான். வருஷக்கணக்கா என் கண்ணால பார்க்கிறேன்.

தம்பி: சரி, போலீஸ்ல அதைச் சொல்லட்டும்.

அக்கா: சொன்னா யார் கேட்கிறா? அது இருக்கட்டும். அந்த அம்மா பேரு கூட முதலாளிக்குத் தெரியாது. அத்தனை புகையில, அத்தனை கூச்சல்ல அவங்க ஞாபகம் அந்தாளுக்கு எப்படி வந்துச்சு?

தம்பி: எனக்கென்ன தெரியும்?

அக்கா: நீ கேட்டியாமே.

தம்பி: நான் யாரையும் கைகாட்டலை. இங்கே தரை கழுவுறது யாருன்னு கேட்டேன். அவ்வளவுதான்.

அக்கா: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம்.

தம்பி: எந்தத் தீ விபத்துலயும் கேட்கிற கேள்விதான்கா அது...

அக்கா: இளிச்சவாயன் தலையில மிளகாய் அரைக்கிறதும் எங்கேயும் நடக்கிறதுதான்.

தம்பி: ஜெயில் வரைக்கும் எல்லாம் போகாது. மிஞ்சிப் போனா வேலை போகும்.

அக்கா: மிஞ்சிப் போனா. உன் வேலையா இருந்தா இவ்வளவு லேசா வாயில வருமா?

தம்பி: என் வேலையை எதுக்கு இதுல இழுக்கிறே?

அக்கா: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உனக்கு ஏன் குரல் ஏறுது?

நர்ஸ்: ரெண்டு பேர் குரலும்தான் ஏறுது.

அக்கா: மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்... இன்னிக்குக் காலையில போலீஸ்காரர் இங்கே வந்தார்டா. மணல் எப்படி நனைஞ்சுதுன்னு மாமாகிட்டக் கேட்டார்.

தம்பி: மாமா என்ன சொன்னார்?

அக்கா: முகம் ஏன் இப்படி வெளுக்குது?

தம்பி: சும்மா கேட்கிறேன். என்ன சொன்னார்?

அக்கா: ஞாபகம் இல்லைன்னார்.

தம்பி: ம்...

அக்கா: பெருமூச்சு விடுறே.

தம்பி: ராத்திரி தூங்கலை. அதான்.

அக்கா: போன வருஷம் வாங்கின திருகாணி எந்த டப்பாவுல கிடக்குன்னு இருட்டுல எடுத்துக் கொடுப்பார். உன் கல்யாணத்துல யார் யார் சாப்பிடாமப் போனாங்கன்னு இன்னிக்குக் கேட்டாலும் வரிசையாச் சொல்வார். அவருக்கு ஞாபகம் இல்லையாம்.

தம்பி: அதிர்ச்சியில மறந்திருக்கும்.

அக்கா: நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். போலீஸ்காரர் போனதும் என் கையைத் தடவிப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். தம்பி சாப்பிட்டானான்னு.

தம்பி: அக்கா, போதும்.

அக்கா: தன் கண்ணு திரும்ப வருமான்னு தெரியலை. உன் வயித்தைப் பத்திக் கவலைப்படுறார். ஏன்டா? நீ என்ன அவர் பெத்த பிள்ளையா?

தம்பி: போதும்னு சொல்றேன்ல. சாயங்காலம் பெரிய ஆபீசர் விசாரணைக்கு வர்றார். நான் போகணும்.

அக்கா: போய் என்ன சொல்லுவே?

தம்பி: நடந்ததைச் சொல்லுவேன்.

அக்கா: எதுல இருந்து?

தம்பி: தீப்பிடிச்சதுல இருந்து.

அக்கா: அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையில இருந்து சொல்ல மாட்டே?

தம்பி: யார் சொன்னா? மாமாவா?

அக்கா: அவர் வாயைத் திறப்பாரா? நானும் பிள்ளைங்களும் அங்கேதானே நின்னோம். பட்டறை ஆளுங்க வீட்டையெல்லாம் கூப்பிட்டு, தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு நீ செஞ்சு காட்டினே. வாளியையெல்லாம் இறக்கி முற்றத்துல வரிசையா வச்சே. "இது காய்ஞ்ச மணல், இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது"ன்னு நீயே சொன்னே. சொல்லி வாய் மூடலை, குழாயைத் திறந்து வானத்துல வளைச்சு வளைச்சு அடிச்சே. பிள்ளைங்க குதிச்சுதுங்க. பெரியவங்களும் கைதட்டினாங்க. வாளியை யார் பார்த்தா?

தம்பி: மாமா பார்த்தார்.

அக்கா: பார்த்துட்டு?

தம்பி: மணலை மாத்தணுமேன்னார். நாளைக்கே நான் காய்ஞ்ச மணல் அனுப்புறேன், நீங்க அலையாதீங்கன்னு சொன்னேன். அனுப்பத்தான்கா இருந்தேன். மறுநாள் வேற ஒரு இடத்துல தீ. அதுக்கப்புறம் அடியோட மறந்துட்டேன்.

அக்கா: எப்ப ஞாபகம் வந்துச்சு?

தம்பி: வண்டியில வர்றப்ப. மணலைக் கொட்டினதும் வெடிச்சுடுச்சுன்னு வயர்லெஸ்ல சொன்னாங்க.

அக்கா: ஞாபகம் வந்த கையோட வந்து இறங்கி, தரை கழுவுறது யாருன்னு கேட்டே.

தம்பி: வாய் தானாக் கேட்டுடுச்சு. சத்தியமா அந்த அம்மாவைப் பிடிப்பாங்கன்னு நினைக்கலை.

அக்கா: நேத்துப் பிடிச்சாங்க. இன்னிக்கு மதியம் ஆச்சு. நினைக்க இன்னும் எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?

தம்பி: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் வந்ததுல இருந்து தண்ணி ஊத்தலை, வேடிக்கை பார்த்தேன்னு திட்டினியா?

அக்கா: நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். வெட்கமா இல்லையாடா? ஒருத்தர் கண்ணைக் கொடுத்துட்டு உன் பேரை முழுங்கிட்டுப் படுத்திருக்கார். ஒருத்தங்க எதுக்குன்னே தெரியாம ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. நடுவுல நீ சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு விசாரணைக்குப் போறே.

தம்பி: சரி. சொல்லிடுறேன். முதல்ல போலீஸ்ல, அப்புறம் ஆபீசர்கிட்ட. மணலை நனைச்சது நான், மாத்தாம விட்டதும் நான். போதுமா?

அக்கா: அவ்வளவுதானா?

தம்பி: அவ்வளவுதான். என் கையால நடந்தது. வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லை.

அக்கா: வேற யாருக்கும்?

தம்பி: இல்லைக்கா. நீ இங்கேயே மாமா பக்கத்துல இரு. அங்கே வராதே. தயவு செஞ்சு வராதே.

அக்கா: வராம எப்படி இருப்பேன்? நீ குழாயை மூடத்தான் போனே. உன் கையைப் பிடிச்சு நிறுத்தி, "பிள்ளைங்க ஆசையாப் பார்க்குதுங்க, இன்னும் கொஞ்சம் அடிடா"ன்னு சொன்னது நான்தான்னு உனக்கும் தெரியும், உள்ளே படுத்திருக்கிறவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் எனக்காக வாயை மூடினது போதும்... எழுந்திரு, அந்த அம்மா உட்கார்ந்திருக்காங்க.