வலது மிதி

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது மேடம். துணியை முறுக்கிப் பிழிந்து முதலில் நம் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னம் தாங்கினால் முட்டியும் தாங்கும். என் மனைவி கனிமொழிக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். ஒரு நாள்கூட அவளுக்குச் சுட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கபடி ஆடியவள். வெம்பாக்கம் பக்கம். சந்தவாசலில் ஒரு போட்டியில்தான் முதன்முதலில் பார்த்தேன். அன்றைக்கே எதிரணிப் பெண்கள் காலைப் பிடித்து இழுத்ததில் அவளுடைய வலது முட்டி திருகிக்கொண்டது. ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் பெண் கேட்டுப் போனேன். நொண்டுகிற பெண்ணை வலியப் போய்க் கட்டிக்கொண்டான் லோகநாதன் என்று ஆரணியில் எங்கள் தெருவே மெச்சியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அவள் தேறிக்கொண்டே வந்தாள். டாக்டர் சொன்ன பயிற்சிகளை ஒன்றுவிடாமல் செய்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவள் அண்ணன் பிரபாகரன் வேறு போனில் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தான். நீங்கள் போட்டிருக்கிறீர்களே, இந்தக் காக்கி மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. விடிந்ததும் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

தறியில் உட்காரச் சொன்னது நான்தான். காலுக்கும் பயிற்சியாக இருக்கும் என்றேன். எங்களுடையது குழித்தறி. மேலே உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு, கயிற்றில் தொங்கும் இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். முதல் தடவை என்மேல் தப்பில்லை. வலது மிதியின் கயிறு முறுக்கேறிக் குட்டையாகிக் கிடந்தது. அந்த மிதி மேலே ஏறி நின்றதால் அவள் முட்டி அளவுக்கு மேல் மடங்கி மடங்கி நீண்டது. சாயங்காலம் எழுந்திருக்க முடியவில்லை. "ஏங்க, கொஞ்சம் புடிச்சிக்கிங்க" என்று என் தோளில் கையைப் போட்டாள். மொத்தப் பாரத்தையும் போட்டாள். கல்யாணமான பிறகு எனக்கு அவ்வளவு நிம்மதியான மாலை வாய்த்ததில்லை.

அதன் பிறகு முடிச்சுப் போட்டது நான். வலி குறைந்தால் கயிற்றை ஒரு விரல் ஏற்றுவேன். அழுதால் இறக்கிவிடுவேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. தறி தெரிந்த வீட்டுப் பெண்ணாக இருந்தால் உட்கார்ந்ததுமே மிதி சமமாக இல்லை என்று சொல்லியிருப்பாள். இவள் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். தறி என்றாலே இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துவிட்டாள்.

"எங்கம்மா வூட்டுக்குப் போனா வலியே இல்லீங்க. இங்க வந்தா மட்டும் ஏன் இப்படி ஆவுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அங்க நீ சும்மா குந்திகினு கீற. இங்க காலங்காத்தால ஓடிகினு கீற. ஓட்டத்த வுடு, எல்லாம் சரியாப் பூடும்" என்றேன்.

அவள் விடவில்லை. தேர்வு நெருங்கியதும், அவசரம் என்று சொல்லி ஒரு முகூர்த்தப் புடவையை அவள் தலையில் கட்டினேன். அவசரம் ஒன்றுமில்லை. கயிற்றை அதுவரை கட்டாத உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நெய்தாள். முந்தானை முடிகிற சமயம் குழிக்குள்ளிருந்து சொடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் அவள் கத்தினாள். ஒட்டியிருந்த ஜவ்வு மறுபடி கிழிந்துவிட்டதாம். இனி ஓட்டமே கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். அது நடிப்பில்லை மேடம்.

மிச்சப் புடவையை முடித்துக்கொடுக்கப் பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள் அக்கா வந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார்.

"இன்னா லோகு, ஒரு மிதி இப்படி ஏறிகினு கீது? இதுலயா அந்தப் பொண்ண குந்த வெச்ச?"

உள்ளே படுத்திருந்த கனிமொழிக்குக் கேட்டுவிட்டது.

"கயிறு தானா ஏறுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கே பிரபாகரன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். முடிச்சு முடிச்சாகச் செய்தேன். ஆனால் ஒத்தடம் கொடுத்தவனும் நான்தானே. ஓட முடிகிறவளுக்குப் புருஷன் எதற்கு, நீங்களே சொல்லுங்கள்.

சற்று முன் அவள் புகாரில் கையெழுத்துப் போட வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் நீட்டிய கையைக்கூட வேண்டாமென்று தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறினாள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நான் போய்ப் பிடித்திருப்பேன்.